ஏப்ரல் 14: அந்த 66 பேர் எதனால் இறந்தார்கள்?

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று காலை நாடெங்கிலும் உள்ள தீயணைப்பு நிலையங்களில் பணியாளர்கள் சீருடையில் அணிவகுத்து நிற்கிறார்கள். பணியின்போது உயிர்நீத்தவர்களுக்கு மலர்வளையம் வைத்து மௌன அஞ்சலி செலுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் அந்த நாளைத் தீத்தொண்டு நாள் என்றும் நீத்தார் நினைவு நாள் என்றும் அழைக்கிறோம். அன்று தொடங்கும் தீத்தொண்டு வாரத்தில் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் தீத்தடுப்புச் செயல்விளக்கம் காட்டுவார்கள். பெரும்பாலான ஆண்டுகளில் சித்திரை முதல் நாளும், எல்லா ஆண்டுகளிலும் அம்பேத்கர் பிறந்தநாளும் அதே தேதியில் வருவதால், பொதுமக்கள் கண்ணில் இந்த நினைவு நாள் படுவதே இல்லை. கண்ணில் படுகிறவர்களுக்கும், 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் வெடித்ததில் 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள் என்ற ஒரு வரிக்கு மேல் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

அந்த ஒரு வரி போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். வீரம் என்ற சொல் அவர்களுக்கு முழுமையாகப் பொருந்தும். அதில் யாருக்கும் ஐயம் இருக்க முடியாது. ஆனால் வீரத்தை மட்டும் நினைவில் வைத்து, அவர்கள் எதனால் இறந்தார்கள் என்பதை விட்டுவிட்டால், அவர்கள் இறந்தது தவிர்க்க முடியாத விதி என்ற எண்ணம் நம் மனத்தில் படிந்துவிடுகிறது. பம்பாயில் அன்று நடந்தது விதியன்று. தீயணைப்பு வண்டி துறைமுகத்துக்குள் நுழைவதற்குப் பல நாள்களுக்கு முன்பே, பல இடங்களில், பலர் எடுத்த முடிவுகள் ஒன்றுசேர்ந்து அவர்களைக் கொன்றன.

கப்பலின் பெயர் ஃபோர்ட் ஸ்டிகின். 1942இல் கனடாவில் கட்டப்பட்ட, சுமார் 7,000 டன் கொள்ளளவுள்ள சரக்குக் கப்பல். 1944 பிப்ரவரி 24ஆம் தேதி இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் துறைமுகத்திலிருந்து கிளம்பி, ஜிப்ரால்டர், போர்ட் சையது வழியாகக் கராச்சிக்கு வந்து, அங்கிருந்து ஏப்ரல் 12 அன்று பம்பாய் விக்டோரியா டாக்கில் கட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் உச்சக்கட்டம் அது. கப்பலில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள்கள் இருந்தன: பீரங்கிக் குண்டுகள், கண்ணிவெடிகள், நீர்மூழ்கிக் குண்டுகள். அவற்றோடு ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களும் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய தங்கக் கட்டிகளும் இருந்தன. கராச்சியில் ஏற்றப்பட்ட பஞ்சுப் பொதிகள், எண்ணெய்ப் பீப்பாய்கள், மரம், இரும்புக் கழிவு ஆகியவையும் அதே வயிற்றுக்குள் அடைக்கப்பட்டிருந்தன. கப்பலின் தலைவர் அலெக்சாண்டர் நெய்ஸ்மித்.

பஞ்சையும் எண்ணெயையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றக் கூடாது என்பது சரக்கு ஏற்றும் தொழிலில் யாருக்கும் சொல்லித்தர வேண்டிய பாடம் அன்று. போர்க்காலத்தில் கப்பல் கிடைப்பதே அரிது, இடத்தை வீணாக்க முடியாது என்ற நெருக்கடியில் அந்தப் பாடம் ஒதுக்கிவைக்கப்பட்டது. வெடிபொருள் ஏற்றிய கப்பல் சிவப்புக் கொடி பறக்கவிட வேண்டும், அது துறைமுகத்தின் உள்தளத்துக்குள் வரக் கூடாது என்ற அமைதிக்கால விதிகளும் அவ்வாறே தளர்த்தப்பட்டிருந்தன. ஆகவே சிவப்புக் கொடி இல்லாமல், நகரின் நெரிசலான கிடங்குப் பகுதியை ஒட்டி, பிற கப்பல்களுக்கு நடுவே அது கட்டப்பட்டிருந்தது. வந்து இரண்டு நாள் ஆகியும் வெடிபொருள்கள் முழுமையாக இறக்கப்படவில்லை. ஏப்ரல் 14 பிற்பகல் 2 மணிக்கு முன்பின்னாக, இரண்டாம் எண் சரக்கறையிலிருந்து புகை வருவது கண்டறியப்பட்டது. பஞ்சுப் பொதிகள் இருந்த அறை அது. வெடிபொருள்களும் அதே அறையின் மேல்தளத்தில் இருந்தன.

பஞ்சில் பிடிக்கும் தீயின் இயல்பைச் சற்று விளக்கினால்தான் அடுத்த இரண்டு மணி நேரம் புரியும். இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதி மேலே கொழுந்துவிட்டு எரிவதைவிட உள்ளுக்குள் கனிவதே அதிகம். பொதிக்குள் சிக்கியிருக்கும் காற்றே அந்தக் கங்குக்குப் போதுமானது. மேலிருந்து ஊற்றும் தண்ணீர் வெளிப்புறத்தை நனைத்துவிட்டு வழிந்து ஓடுமே தவிர, கனன்றுகொண்டிருக்கும் நடுப்பகுதிக்கு எளிதில் இறங்காது. கிடங்கில் என்றால் பொதிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் பிரித்துப் போடலாம். கப்பலின் ஆழமான சரக்கறையில், கண்ணை மறைக்கும் புகையில், அதைச் செய்ய வழியில்லை. எனவே வீரர்கள் தெரிந்த ஒன்றைச் செய்தார்கள்: மேல்தளத்தில் நின்று, காலுக்கடியில் சூடேறிக்கொண்டிருக்கும் இரும்புத் தகட்டின் மேல், குழாய்களைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். 900 டன்னுக்கும் அதிகமான தண்ணீர் உள்ளே இறைக்கப்பட்டது. தீயின் இருப்பிடம் தெரியவில்லை. கப்பலின் பக்கத்தகட்டை வெட்டித் திறந்து உள்ளே தண்ணீர் பாய்ச்சலாம் என்று வரவழைத்த எரிவாயு வெட்டுக்கருவி வேலை செய்யவில்லை. வெப்பத்தில் கப்பலுக்குள் இறைத்த நீரே கொதிக்கத் தொடங்கியது.

இந்த இரண்டு மணி நேரத்தில் கப்பலின் அருகே அதிகாரிகளுக்குப் பஞ்சமில்லை. கப்பல் தலைவர் இருந்தார், தீயணைப்புப் படைத் தலைவர் இருந்தார், படைத்தளவாட அதிகாரி வந்தார், துறைமுக நிர்வாகத்தினர் வந்தார்கள். கப்பலை நின்ற இடத்திலேயே மூழ்கடிக்க வேண்டும் என்றார் ஒருவர். இழுத்துக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் மற்றொருவர். கப்பலின் இயந்திரம் அப்போது பழுதுபார்ப்பில் இருந்ததால் அது தானாக நகரவும் முடியாது. இவற்றில் எது சரியான முடிவு என்று இன்று நாற்காலியில் அமர்ந்து தீர்ப்புச் சொல்வது எளிது. கவனிக்க வேண்டியது வேறு: இரண்டில் ஒன்றைத் தேர்ந்து ஆணையிடவும், ‘இந்தத் தீயை அணைக்க முடியாது, எல்லோரும் வெளியேறுங்கள்’ என்று உரிய நேரத்தில் சொல்லவும் தெளிவான ஒற்றை அதிகாரம் அங்கே யாரிடமும் இல்லை. முடிவு எடுக்கப்படாத ஒவ்வொரு நிமிடமும் குழாய் பிடித்து நின்றவர்கள் அங்கேயே நின்றார்கள்.

கப்பலைக் கைவிடும் ஆணை வந்தபோது மணி 3.50. 4 மணி 6 நிமிடத்துக்குக் கப்பல் இரண்டாகப் பிளந்து வெடித்தது. 12 கிலோமீட்டர் தொலைவில் கண்ணாடிச் சன்னல்கள் உடைந்தன. சுமார் அரை மணி நேரம் கழித்து இரண்டாவது வெடிப்பு. அதற்குள் முதல் வெடிப்பில் சிக்கியவர்களை மீட்க மேலும் பலர் உள்ளே வந்திருந்தார்கள். அதிர்வு சுமார் 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் சிம்லாவில் இருந்த நிலநடுக்கப் பதிவுக் கருவியிலும் பதிவானது. ஜலபத்மா என்ற கப்பல் நீரிலிருந்து தூக்கியெறியப்பட்டுத் துறைமுகக் கரையின் மேல் விழுந்தது. எரியும் பஞ்சு வானிலிருந்து குடிசைகள் மீதும் கிடங்குகள் மீதும் பொழிந்தது. தீயைக் கட்டுக்குள் கொண்டுவர மூன்று நாள் ஆயிற்று. இறந்தவர்கள் எண்ணிக்கை 800 முதல் 1,300 வரை வெவ்வேறு விதமாகச் சொல்லப்படுகிறது. கூலித் தொழிலாளர்களும் அன்றாடங்காய்ச்சிகளும் நிறைந்த அந்தப் பகுதியில் துல்லியமான கணக்கு எடுக்க ஆளில்லை. தீயணைப்புப் படையில் 66 பேர் இறந்தார்கள், 83 பேர் காயமடைந்தார்கள்.

போர்க்காலத் தணிக்கை காரணமாக அடுத்த மாதத்தின் இரண்டாம் வாரம் வரை செய்தித்தாள்கள் முழு விவரத்தை வெளியிட முடியவில்லை. ஜப்பானியர் பிடியில் இருந்த சைகோன் வானொலி மறுநாளே விரிவாகச் செய்தி சொல்லிவிட்டது என்பது இதில் வேதனையான பகுதி. பின்னர் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு, இது நாசவேலை அன்று, விபத்துதான் என்று முடிவுசெய்தது. சரக்கறைக்குள் யாரோ அணைக்காமல் போட்ட சிகரெட் துண்டு தீக்குக் காரணமாக இருக்கலாம் என்றது. அந்தச் சிகரெட் துண்டு கதை மக்கள் நினைவில் நன்றாகத் தங்கிவிட்டது. என் பார்வையில் அது இந்த வரலாற்றின் மிகச் சிறிய பகுதி. கூலியாள் ஒருவரின் கவனக்குறைவால் பஞ்சுப் பொதி எரியும். ஆனால் அந்தப் பொதிக்கு மேல் வெடிமருந்தை அடுக்கியதும், அதை நகரத்துக்குள் கொண்டுவந்து கட்டியதும் அவருடைய வேலை அல்ல.

பைகுல்லாவில் உள்ள மும்பைத் தீயணைப்புப் படைத் தலைமையகத்தில் அந்த 66 பேருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. அதே படை, 71 ஆண்டுகளுக்குப் பின்னர், தன் தலைவரையே இழந்தது. 2015 மே 9 அன்று தெற்கு மும்பையின் கால்பாதேவியில் கோகுல் நிவாஸ் என்ற பழைய கட்டடத்தில் தீப்பிடித்தது. மரச்சட்டங்களைத் தாங்குதூண்களாகக் கொண்டு கட்டிய அந்தக் கட்டடம் பணி நடந்துகொண்டிருக்கும்போதே சரிந்தது. சஞ்சய் ராணே, மகேந்திர தேசாய் என்ற இரண்டு அதிகாரிகள் இடிபாட்டில் இறந்தார்கள். கடும் தீக்காயம் அடைந்த துணைத் தலைமை அதிகாரி சுதீர் அமீன் மே 14 அன்றும், தலைமைத் தீயணைப்பு அதிகாரி சுனில் நேஸ்ரிகர் மே 24 அன்றும் மருத்துவமனையில் இறந்தார்கள். பெருநகரப் படையின் முதல் இரண்டு நிலை அதிகாரிகள் ஒரே தீயில் மறைவது எந்த நாட்டிலும் அரிது. அவர்கள் அலுவலக அறையில் இருக்காமல் தீ எரிந்த இடத்தில் தம் ஆள்களோடு நின்றிருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

தமிழ்நாட்டிலும் இதே காரணம் மீண்டும் வந்தது. 2020 நவம்பர் 14, தீபாவளி நாளின் அதிகாலை. மதுரை விளக்குத்தூண் அருகே நெருக்கமான கடைவீதியில், பழைய கட்டடம் ஒன்றில் இயங்கிய ஜவுளிக் கடையில் தீப்பிடித்தது. அணைக்கச் சென்ற வீரர்களில் இருவர் கட்டடம் இடிந்து விழுந்ததில் உயிரிழந்தார்கள். ஊர் முழுவதும் பண்டிகைக்குத் தயாராகிக்கொண்டிருந்த வேளையில், தீபாவளிப் பணிக்காக வீட்டுக்குப் போகாமல் நிலையத்தில் காத்திருந்தவர்கள் அவர்கள்.

எரியும் பழைய கட்டடம் ஏன் இடிகிறது என்பது வெறும் தீயோடு முடிகிற கேள்வி அல்ல. சுண்ணாம்புக் காரைச் சுவரும் மர உத்தரமும் கொண்ட கட்டடத்தில் உத்தரம் எரிந்து மெலிந்தால், அது தாங்கிய தளம் இறங்கிச் சுவரை வெளிப்புறமாகத் தள்ளும். அதே நேரத்தில் தீயை அணைக்க ஊற்றும் தண்ணீரும் சுமையாகிறது. நிமிடத்துக்கு 400 லிட்டர் விடும் ஒரு குழாயை ஒரு மணி நேரம் திறந்துவைத்தால் 24 டன் தண்ணீர் உள்ளே போகிறது. வெறுந்தரையாக இருந்தால் அதில் பெரும்பகுதி வழிந்து வெளியே வந்துவிடும்; துணிக் கட்டுகள் அடுக்கிய கிடங்கு என்றால் துணியே அதைக் குடித்துக்கொண்டு கனக்கும். காப்பாற்றுவதற்காகச் செய்யும் வேலையே, கவனிக்காவிட்டால், கட்டடத்தைக் கீழே இறக்கும். சுவரில் புதிய விரிசல், வெளியே பிதுங்கும் சுவர், கதவுநிலை கோணுதல், மரம் முறியும் ஓசை, செங்கல் இடுக்குகளிலிருந்து கசியும் நீர் ஆகியவை தீயணைப்புப் பயிற்சியில் சொல்லித்தரப்படும் எச்சரிக்கைக் குறிகள். அவற்றைக் கண்டால் கட்டடத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தொலைவுக்குப் பின்வாங்க வேண்டும் என்பது பொது விதி. பத்தடிச் சந்தில், எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு குழாய் பிடிக்கும் வீரர் எங்கே பின்வாங்குவார்? அந்தச் சந்தின் அகலத்தைத் தீர்மானித்தது தீயணைப்புத் துறை அல்ல. குடியிருப்பாகக் கட்டிய பழைய வீட்டை ஜவுளிக் கிடங்காக மாற்ற இசைந்ததும் தீயணைப்பு வீரர் அல்ல.

சென்னைக் கொடுங்கையூரில் 2017 ஜூலை 15 இரவு நடந்தது இன்னொரு வகை. பூட்டிய அடுமனைக் கடைக்குள் தீ. உள்ளே எரிவாயு உருளை. வெப்பத்தில் உருளைக்குள் இருக்கும் திரவம் கொதித்து அழுத்தம் ஏறும். வெப்பம் பட்ட இடத்தில் தகடு வலுவிழக்கும். ஒரு கட்டத்தில் உருளை பிளந்து, திரவம் நொடியில் சுமார் 250 மடங்கு பருமனுள்ள வாயுவாக விரிந்து தீப்பந்தாகும். தீயை அணைக்கும் முயற்சியின்போது உருளை வெடித்ததில் ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார். வேடிக்கை பார்க்கக் கூடி நின்ற பொதுமக்கள் உள்படப் பலர் காயமடைந்தார்கள். அவர்களிலும் சிலர் பின்னர் இறந்தார்கள். மூடிய ஷட்டருக்குப் பின்னால் எத்தனை உருளைகள், எந்த மூலையில் என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது. கடையின் முகப்பில் அதைச் சொல்லும் பலகை ஒன்று இருந்தால் அணுகும் முறையே மாறியிருக்கும். ஃபோர்ட் ஸ்டிகின் கப்பலில் பறக்காத சிவப்புக் கொடியும் இந்தப் பலகையும் ஒரே தேவையின் இரண்டு வடிவங்கள்.

கொல்கத்தாவில் 2021 மார்ச் 8 அன்று ஸ்ட்ராண்ட் சாலையில் உள்ள கிழக்கு ரயில்வே அலுவலகக் கட்டடத்தின் 13ஆம் மாடியில் தீப்பிடித்தபோது ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் நால்வர் தீயணைப்பு வீரர்கள். லிஃப்டில் மேலே போனவர்கள் அதிலேயே சிக்கினார்கள். கட்டட வரைபடம் கேட்டும் தரப்படவில்லை என்று முதலமைச்சர் மம்தா பானர்ஜி குற்றஞ்சாட்டினார்; ஒத்துழைத்தோம் என்று ரயில்வே மறுத்தது. யார் சொன்னது சரி என்பது ஒருபுறமிருக்க, உள்ளே நுழைகிறவரிடம் கட்டடத்தின் வரைபடம் இருந்ததா என்ற கேள்வி இறப்புக்குப் பிறகுதான் எழுகிறது என்பதே எனக்கு உறுத்துகிறது.

அமெரிக்காவில் 1998 முதல், பணியில் இறக்கும் தீயணைப்பு வீரர்களின் மரணங்களை ஆராய ஒரு கூட்டாட்சித் திட்டம் இருக்கிறது. தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியாஷ் அதை நடத்துகிறது. அது போலீஸ் விசாரணை போன்றதன்று, யாரையும் குற்றஞ்சாட்டுவதில்லை. வீரர் எப்போது, எந்த ஆணையின்பேரில் நுழைந்தார், அவருக்கு என்ன தெரிந்திருந்தது, கட்டடம் எப்படி இருந்தது, மூச்சுக் கருவியில் எவ்வளவு காற்று இருந்தது என்று வரிசையாக எழுதி, இனி என்ன செய்ய வேண்டும் என்ற பரிந்துரையோடு பொதுவில் வெளியிடுகிறது. மாசசூசெட்சின் வூஸ்டர் நகரில் 1999 டிசம்பர் 3 அன்று, சன்னல்கள் ஏறக்குறைய இல்லாத, கைவிடப்பட்ட குளிர்பதனக் கிடங்கில் ஆறு வீரர்கள் இறந்தது அந்தத் திட்டம் ஆராய்ந்த முக்கியமான நிகழ்வுகளில் ஒன்று. உள்ளே வீடற்றவர்கள் இருக்கலாம் என்று தேடப் போன இருவர் வழி தவறினார்கள். அவர்களைத் தேடிப் போன நால்வரும் திரும்பவில்லை. இன்னும் பலர் உள்ளே பாயத் துடித்தபோது, களத்தில் இருந்த தலைமை அதிகாரி மைக் மெக்நமீ வாசலில் நின்று, இனி யாரும் போகக் கூடாது என்று தடுத்தார். தம் ஆறு பேர் உள்ளே இருக்கும்போது அந்த ஆணையை இட எவ்வளவு மன உறுதி வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கவே கடினமாக இருக்கிறது. அந்த ஆணையை இடும் அதிகாரம் அவருக்கு இருந்தது என்பதும் அதே அளவு முக்கியம். பம்பாயில் இல்லாதது அதுதான்.

நம் நாட்டில் ஒரு தீயணைப்பு வீரர் இறந்தால் அரசு மரியாதையும் நிவாரணத் தொகையும் சில இடங்களில் குடும்பத்தில் ஒருவருக்கு வேலையும் கிடைக்கின்றன. இவை அனைத்தும் வேண்டியவையே. குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த மரணத்தைப் பற்றிய முழுமையான, பொதுவில் கிடைக்கும், பயிற்சிக் கல்லூரியில் பாடமாக வைக்கத்தக்க அறிக்கையும் அந்த மரியாதையின் பகுதியாக வேண்டும். மதுரையில் கற்றது கோவையிலும் திருச்சியிலும் உள்ள பழைய கடைவீதிகளுக்கு உதவ வேண்டுமென்றால், அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நினைவுப் பட்டியலில் யார் இடம்பெறுகிறார்கள் என்ற கேள்வியும் மிச்சமிருக்கிறது. தீயில் அன்றே இறப்பவர் பட்டியலில் வருகிறார். பல ஆண்டுகள் புகையைச் சுவாசித்து, ஓய்வுபெற்ற பின் நோயில் இறப்பவர் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2022இல், தீயணைப்புப் பணியில் புகைக்கும் நச்சுப் பொருள்களுக்கும் ஆட்படுவது மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என்று உறுதிசெய்து, முதல் வகையில் சேர்த்தது. நியூயார்க் தீயணைப்புப் படை 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத் தாக்குதலில் 343 பேரை இழந்தது. இடிபாட்டுத் தூசியால் வந்த நோய்களில் பின்னர் இறந்த அதன் உறுப்பினர்களின் எண்ணிக்கை 2023இல் அதே 343ஐத் தொட்டு, அதன் பிறகும் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயர்களையும் அப்படை தன் தலைமையகத்தில் உள்ள நினைவுச் சுவரில் பொறித்துவருகிறது. அங்கு அது முடிந்ததற்குக் காரணம், ஓய்வுபெற்ற பிறகும் வீரர்களின் உடல்நிலையைத் தொடர்ந்து பரிசோதித்துப் பதிவுசெய்யும் ஏற்பாடு இருந்ததுதான். நம் நிலையங்களில் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை, எந்தெந்தத் தீயில் எவ்வளவு நேரம் நின்றார் என்ற பணிப் பதிவேடு, ஓய்வுக்குப் பின்னும் தொடரும் மருத்துவக் கோப்பு ஆகிய மூன்றையும் தொடங்குவதற்குப் பெரிய செலவு ஆகாது. தீத்தொண்டு வாரத்தின் ஏழு நாள்களில் ஒரு நாளை அதற்கு ஒதுக்கினாலே முதல் பதிவுகள் கிடைத்துவிடும்.